சுற்றுலாக் கழகக் கணக்கை யாரும் கேட்க முடியாதா?

"தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் தனியார் கம்பெனி, கணக்கைக் கேட்க யாருக்கும் அதிகாரமில்லை" என்று தஞ்சை, கும்பகோணம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

பெயரில் உள்ள 'லிமிடெட்' தான் குழப்புகிறது போல. 1971-ல் தொடங்கிய இது மாநில அரசு நிறுவனம். 2013 கம்பெனிகள் சட்டம் 139(5)-ன்படி தணிக்கையாளரை நியமிப்பவர் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி). அந்தத் தணிக்கையாளரின் அறிக்கை கைக்கு வந்த 60 நாளுக்குள் சிஏஜியே துணைத் தணிக்கையும் செய்யலாம். பிரிவு 395-ன்படி ஆண்டறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். அங்கே அரசு நிறுவனங்களின் கணக்கை ஆராயும் பொது நிறுவனங்கள் குழுவும் உண்டு.

சரிபார்க்க, சட்டமன்றத்தில் துறைக்கு நிதி கேட்கும் மானியக் கோரிக்கையின்போது வரும் சுற்றுலாத் துறைக் கொள்கை விளக்கக் குறிப்பைத் தமிழக அரசு இணையதளத்தில் பாருங்கள். குறிப்பிட்ட ஆண்டின் கணக்கு வேண்டுமா? 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, ஆண்டைக் குறித்து, தகவல் உரிமை மனு போடுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு. 'முழு விவரம் தருக' என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டைப் பதில்தான் வரும்.

அந்தத் தகவலை இனி பார்வர்டு செய்யாதீர்கள்.