படைக்கத் தெரியாதவனின் பதிவு

மென்பொருள் காப்புரிமையை (பேட்டன்ட்) எதிர்ப்பவர்கள் சொந்தமாக எதையும் படைக்கத் தெரியாதவர்கள் என்று சனிக்கிழமை மேடையில் அந்தப் பெரியவர் திருவாய் மலர்ந்ததைப் பலரும் கேட்டிருப்பீர்கள். கைதட்டியவர்களில் என்னோடு சேர்ந்து நிரல் எழுதிய நண்பர்களும் இருந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது ஒன்றுதான். எழுதிய நிரலுக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) ஏற்கெனவே இருக்கிறது. நகலெடுத்தவர்மீது வழக்குப் போடலாம். காப்புரிமையோ, என் நிரலைக் கண்ணால்கூடப் பார்க்காமல் அதே வழியைத் தானே யோசித்துக் கண்டவரையும் 20 ஆண்டுகள் தடுத்து வைக்கிறது. ஒரே சொடுக்கில் பொருள் வாங்கும் முறைக்கு 1999இல் அமெரிக்காவில் அமேசான் காப்புரிமை பெற்றது. நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததும், போட்டிப் புத்தக நிறுவனமான பார்ன்ஸ் அண்ட் நோபிள் தன் வாடிக்கையாளர்களை வேண்டுமென்றே இன்னொரு முறை சொடுக்க வைத்தது. இதுதான் புத்தாக்கத்தைக் காக்கும் லட்சணம்!

வெறும் கணினி நிரலும், கணக்கிடும் படிமுறையான அல்காரிதமும் காப்புரிமைக்குரிய கண்டுபிடிப்புகள் அல்ல என்று நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு சொல்கிறது. 2004 டிசம்பரில் அவசரச் சட்டத்தின் மூலம் இதைத் தளர்த்தப் பார்த்தார்கள்; 2005இல் நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. காப்புரிமை பெற நிரலோடு புதிய வன்பொருளும் வேண்டும் என்று 2016இல் வந்த காப்புரிமை அலுவலக வழிகாட்டு நெறிமுறை கேட்டது. 2017இல் அதையும் எடுத்துவிட்டார்கள். வாசலில் மறுத்ததைக் கொல்லைப்புறமாக உள்ளே விட்டாயிற்று.

உள்ளே விடும் வித்தையை நான் அருகிலிருந்து பார்த்தவன். முன்பு வேலை பார்த்த நிறுவனத்தில், எந்தச் சரக்கு லாரி முதலில் கிளம்ப வேண்டும் என்று தீர்மானிக்க, ஒரு பக்கம்கூட வராத நிரல் ஒன்றை எழுதியிருந்தேன். வழக்கறிஞர் கைபட்டுத் திரும்பியபோது அது “ஒரு நுண்செயலி, அதனோடு இணைந்த நினைவகம், இவற்றுக்கிடையே தரவைக் கடத்தும் ஓர் அமைப்பு” என்று எண்ணிட்ட கட்டங்களும் அம்புக்குறிகளுமாக மாறியிருந்தது. கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. என் நிரலைத்தான் காணவில்லை. இவையெல்லாம் எந்தக் கணினியிலும் இருப்பவைதானே என்று கேட்டதற்கு, கையெழுத்துப் போடுங்கள், ஆண்டு மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

மருந்துக்கும் காப்புரிமை கூடாதா என்று கேட்பீர்கள். மனிதர்களிடம் ஆண்டுக்கணக்கில் சோதிக்க வேண்டிய பொருளையும் ஒரு மாலையில் எழுதி முடிக்கும் நிரலையும் ஒரே தராசில் வைப்பவரோடு வாதிட எனக்குப் பொறுமையில்லை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் வழுக்காமல் காக்கும் கருவிக்குள் நிரல் இருப்பதாலேயே அதற்குக் காப்புரிமையை மறுக்கச் சொல்லவில்லை. அது கருவி, கொடுங்கள்.

சிறு நிறுவனங்களுக்குக் காப்புரிமைதான் கவசம் என்பதைக் கேட்டால்தான் வயிறு எரிகிறது. அமெரிக்காவில் தன் ஆப்பை விற்கும் நண்பர் ஒருவருக்கு, எந்தப் பொருளும் தயாரிக்காத ஒரு நிறுவனத்திடமிருந்து, தங்கள் காப்புரிமையை மீறிவிட்டதாக நோட்டீஸ் வந்தது. அங்கே வழக்காடக் கட்டுப்படியாகாது என்று, மாதக்கணக்கில் இரவெல்லாம் விழித்து எழுதிய வசதியை அவரே நீக்கிவிட்டார். அந்தக் காப்புரிமை செல்லுமா என்று இதுவரை எந்த நீதிபதியும் பார்க்கவில்லை.