சோறு குப்பைமேட்டில் உரமாகாது

"காய்கறித் தோலும் மிச்சச் சோறும் இயற்கைதானே, குப்பைமேட்டில் கொட்டினாலும் மக்கி உரமாகிவிடும், மாநகராட்சி பிரித்துக் கேட்பது வீண் வேலை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

மக்கி உரமாகக் காற்று வேண்டும். சென்னையின் கொடுங்கையூர், பெருங்குடி போன்ற குப்பை மலைகளின் அடியில் காற்று புகாது. அங்கே அதே சோறு அழுகி மீத்தேனாகிறது. 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கும், 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேலும் வெப்பமூட்டும் வாயு அது. கிடங்கில் தீப்பிடித்தால் எளிதில் அணையாததற்கும் இது ஒரு காரணம். அந்தப் புகையைச் சுவாசிப்பது அக்கம்பக்கத்து ஏழைக் குழந்தைகள். மனம் பொறுக்கவில்லை.

இத்தாலியின் மிலான், 2014க்குள் நகர் முழுவதும் உணவுக் கழிவைத் தனியே வாங்கத் தொடங்கியது. அதிலிருந்து எரிவாயுவும் உரமும் எடுக்கிறார்கள். இந்தியாவில் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே பிரித்துக் கொடுப்பதைக் கட்டாயமாக்கிவிட்டன.