காய்ச்சல் இல்லையென்றால் பயமில்லையா?

"பச்சிளங்குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால்தான் கிருமித்தொற்று; கல்ச்சர் (இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) ரிசல்ட் வந்த பிறகு ஆன்டிபயாடிக் போட்டால் போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

பிறந்து 28 நாள்கூட ஆகாத குழந்தைக்குச் செப்சிஸ் (கிருமித்தொற்றால் உடம்பு முழுவதும் பாதிக்கப்படும் நிலை) வந்தால் உடம்பு சுடுவதற்குப் பதில் சில்லிட்டும் போகலாம். 35.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவதும் 38-ஐத் தொடுவதைப் போலவே ஆபத்து அறிகுறிதான். நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று உறிஞ்சாமல் துவண்டு கிடந்தால், தெர்மாமீட்டர் என்ன சொன்னாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும்.

செப்சிஸ் முற்றினால் ஷாக், அதாவது உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போகாத நிலை, வரலாம். ஷாக் என்றாலே பிரஷர் இறங்கியிருக்கும் என்ற நினைப்பும் பலருக்கு இருக்கிறது. அந்தச் சின்ன உடம்பு இரத்தக்குழாய்களைச் சுருக்கி, இதயத் துடிப்பைக் கூட்டி, பிரஷரை முடிந்தவரை இழுத்துப் பிடிக்கும். அதற்கு முன்பே தோல் காட்டிக்கொடுத்துவிடும்: நெஞ்செலும்பின் மேல் விரலால் 5 நொடி அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் பழைய நிறத்துக்குத் திரும்ப 3 நொடிக்கு மேல் ஆகும்.

சரி, கல்ச்சர்? இரத்தம் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் முடிவு வர ஒன்றிரண்டு நாளாகும். ஷாக் என்று சந்தேகம் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் முதல் டோஸ் ஏறிவிட வேண்டும். கூடவே மூச்சுக்கு உதவி, சர்க்கரை அளவு, கிலோவுக்கு 10 மில்லி கணக்கில் டிரிப்ஸ். அதையும் கல்லீரல் பெரிதாகிறதா (டிரிப்ஸ் அதிகமாகிவிட்டதற்கான அடையாளம்) என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள்.