'கில்' கொடுத்தால் கோப்பு தானாகச் சேமிக்கப்படாது

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து மாணவர்களின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "உங்கள் புரோகிராமிலிருந்து எக்செலை மூட சீ ஷார்ப்பில் 'கில்' போதும். திறந்திருக்கும் வேலையை வின்டோஸே சேமித்துவிடும்."

இது தவறு. சீ ஷார்ப் (C#) என்ற நிரல் மொழியின் கில் (Kill) கட்டளை செயலியை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும், "சேமிக்கவா?" என்ற கேள்வியே வராது. எக்செலின் மீட்புப் பிரதி வழமையாக 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் எடுக்கப்படும். அதன்பின் தட்டியதெல்லாம் போய்விடும். பெயரால் தேடி எல்லாவற்றுக்கும் கில் கொடுத்தால், கடைக் கணக்குத் திறந்திருந்த எக்செலும் சேர்ந்தே போகும்.

முதலில் 'குளோஸ்மெயின்விண்டோ' (CloseMainWindow) கட்டளை கொடுங்கள். மூலையிலுள்ள புள்ளடியை அழுத்துவது போலத்தான் அது, சேமிக்கக் கேட்கும். பிறகு, செயலி மூடும்வரை காத்திருக்கும் 'வெயிட்ஃபோர்எக்ஸிட்' (WaitForExit) கட்டளைக்கு 5000 மில்லிசெக்கன், அதாவது 5 செக்கன் கொடுங்கள். 'ஃபோல்ஸ்' (False, 'இல்லை') என்று பதில் வந்தால் செயலி இன்னும் மூடவில்லை, பெரும்பாலும் 'சேமிக்கவா?' என்பதற்குப் பயனரின் பதிலுக்குக் காத்திருக்கிறது. பயனருக்குச் சொல்லுங்கள். உறைந்துபோன செயலிக்கு மட்டுமே கில்.

இக்கட்டளைகள் அடங்கிய 'ப்ராசஸ்' (Process) வகுப்புப் பற்றிய மைக்ரோசொஃப்ட் ஆவணத்தில் கில், குளோஸ்மெயின்விண்டோ இரண்டின் வேறுபாடும் தெளிவாக உண்டு. வெற்று எக்செல் தாளில் நாலு எண் தட்டி நீங்களே சோதிக்கலாம்.

அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனிப் பகிராதீர்கள்; அனுப்பிய குழுவில் இத்திருத்தத்தைப் போட்டுவிடுங்கள்.