கடல் அட்டை: இலங்கையில் உரிமம் இருந்தால் இங்கே குற்றமில்லையா?

கடல் அட்டை என்பது கடலடியில் வாழும், வெள்ளரிக்காய் வடிவ உயிரினம். 'இலங்கையில் கடல் அட்டை பிடிப்பதும் விற்பதும் சட்டப்படியான தொழில். அதனால் இங்கிருந்து அங்கே கொண்டுபோனால் தப்பில்லை. சுங்கத்துறைக்கும் கடல் அட்டைக்கும் சம்பந்தமே இல்லை' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. முதல் வரி ஓரளவு சரி: இலங்கையில் உரிமம் பெற்றுப் பிடிக்கலாம். மற்றவை தவறு.

இந்தியாவில் 2001 முதல் கடல் அட்டைகள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. பிடிப்பது மட்டுமல்ல, வைத்திருப்பதும் குற்றம். குறைந்தது 3 ஆண்டு சிறை.

சரி, சுங்கத்துறை எதற்கு? ஏற்றுமதிக்குத் தடையுள்ள பொருளை நாட்டைவிட்டுக் கடத்த முயன்றாலே 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டப்படி பறிமுதல் செய்யலாம், ஏற்றிச்செல்லும் படகு, வேன் உட்பட. ராமநாதபுரம் கரையோரத்தில் சுங்கத்துறை கடல் அட்டையைப் பிடித்து வனத்துறையிடம் ஒப்படைப்பது வழக்கமாக நடப்பதுதான்.

கடத்தலைக் கரையிலும் வழியிலும் மடக்குவதுதான் முக்கியம். குடலை நீக்கி, வேகவைத்து, காயவைத்த அட்டை கருத்துச் சுருங்கிக் கல் மாதிரி ஆகிவிடும். அப்புறம் அது மன்னார் வளைகுடாவின் இந்தியப் பக்கத்தில் பிடித்ததா, இலங்கையின் மன்னாரில் பிடித்ததா என்று பார்த்துச் சொல்ல முடியாது. அக்கரைச் சரக்கோடு கலந்துவிட்டால் சிங்கப்பூர், ஹாங்காங் சந்தைக்கு இலங்கைப் பொருளாகவே போய்விடும்.

இந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பி மூட்டை சுமக்கப்போவது கூலிக்குப் போகும் இளைஞர்கள். வழக்கும் அவர்கள் மேல்தான் விழும். தயவுசெய்து அந்தச் செய்தியைப் பரப்பாதீர்கள்.