எந்தப் பக்க ஜன்னல் என்பதைச் சூரியனே சொல்லும்

விமானத்திலிருந்து பாலைவனத்தைப் பார்க்க இடப்பக்க ஜன்னலே சிறந்தது என்று நான் படித்த ஒரு கட்டுரை பொதுவாகச் சொல்லிவிடுவதை ஏற்க இயலவில்லை. பறக்கும் திசையும் நேரமும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. காலையில் வடக்கு நோக்கிச் செல்லும் விமானத்தில் சூரியன் வலப்புறம் இருப்பதால், கீறல் விழுந்த ஜன்னலில் பட்டுச் சிதறும் ஒளி அப்பக்கம் அமர்ந்தவரின் கண்ணைக் கூசச் செய்யும். இடப்பக்கம் அமர்ந்தவருக்கோ மணலின் செந்நிறம் தெளிவாகத் தெரியும். மாலையில் இது அப்படியே தலைகீழாகும்.

பக்கத்தைவிட நேரமே முக்கியம் என்பேன். அரேபியாவின் ரப் அல் காலி பாலைவனத்தில் 250 மீட்டர் வரை உயரும் மணற்குன்றுகள்கூட உச்சிவெயிலில் நிழலின்றித் தட்டையாகத் தோன்றும். சூரியன் தாழ்ந்திருக்கும் வேளைகளில்தான் நீண்ட நிழல்கள் அவற்றின் முகடுகளை வரைந்து காட்டும்.

இறக்கைக்குப் பின்னால் அமர்ந்தால், என்ஜின் வெளியேற்றும் சூடான காற்று காட்சியைக் கலங்கச் செய்யும் என்பதால், இறக்கைக்கு முந்தைய வரிசைகளையே தேர்ந்தெடுக்கலாம். சில வரிசைகளில் ஜன்னல் இருக்கை என்பது பெயரளவில்தான். அங்கே வெறும் சுவரே இருக்கும். ஆகவே பணம் கட்டுமுன் இருக்கை வரைபடத்தைப் பார்த்துவிடுவது நல்லது.