‘போல’ வந்தால் உவமை, வராவிட்டால் உருவகமா?

“‘போல’ இருந்தால் உவமை, இல்லாவிட்டால் உருவகம், இவ்வளவுதான்” என்று சொல்லப்படுவதைச் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் அப்படியே பாடமாக்க வேண்டாம். பாதிதான் சரி.

மட்டக்களப்பு வாவியையே எடுங்கள். “வாவி கண்ணாடி போலக் கிடந்தது” உவமை; சிக்கலில்லை. “கண்ணாடி வாவி” என்றால்? ‘போல’ இல்லை, ஆனாலும் உவமைதான். ‘போல’, ‘போன்ற’ என்ற உவம உருபு மறைந்து நிற்கும் உவமைத்தொகை. “வாவிக் கண்ணாடியில் நிலா முகம் பார்த்தது” என்பதில்தான் உருவகம் இருக்கிறது.

பிரித்துப் பார்த்தால் பிடிபடும். ‘கண்ணாடி போன்ற வாவி’ என்று விரிந்தால் உவமைத்தொகை. ‘வாவியாகிய கண்ணாடி’ என்று விரிந்தால் உருவகம். அதாவது உவமானம் (ஒப்பாகக் காட்டும் பொருள்) முன்னுக்கு வந்தால் உவமைத்தொகை, உவமேயம் (ஒப்பிடப்படும் பொருள்) முன்னுக்கு வந்தால் உருவகம். மலர்முகம், முகமலர் இரண்டும் இதே கணக்குத்தான். பிள்ளைகள் வழுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்: இரண்டு சொல்லும் ஒன்றாகத் தெரிய, வரிசையைக் கவனிக்காமல் பெயர் சூட்டிவிடுகிறார்கள்.

‘போல’ ஒன்றையே தேடுவதும் பிழை. நன்னூல் என்ற இலக்கண நூல் போல, புரைய, ஒப்ப, அன்ன, நிகர என 12 உருபுகளைச் சொல்லி, ‘பிறவும்’ என்றும் சேர்க்கிறது. மறுபக்கம், “மழை வாற போலக் கிடக்கு” என்று நம்மூரில் சொல்வதில் ‘போல’ இருக்கிறது, உவமை எங்கே? அது வெறும் ஊகம்.

விடையில் அணியின் பெயரோடு நிறுத்தாமல், உவமானம் கண்ணாடி, உவமேயம் வாவி, பொதுத்தன்மை அசைவற்ற தெளிவு என்று பிரித்து எழுதுங்கள். பொதுத்தன்மையை எழுத வராவிட்டால், அணியை இன்னொருமுறை பாருங்கள்.